மலைப்பாதையில் மடை திருப்புகிறவர்கள்

நல்ல மழை பிடித்துக்கொண்டால் மலையில் நடக்கப் போனவர்கள் திரும்பிவிடுவார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரில், சிலர் அந்த நேரம் பார்த்துத்தான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைகிறார்கள். கையில் ஒரு மண்வெட்டி இருக்கும். தங்கள் பொறுப்பில் இருக்கும் ஒன்றிரண்டு மைல் பாதையில் தண்ணீர் எந்த இடத்தில் வந்து சேர்கிறது, எவ்வளவு தூரம் பாதையோடு கூடவே வருகிறது, எங்கே இறங்கிப் போகிறது என்று நின்று பார்ப்பார்கள். வெயில் நாளில் பாதை எதையும் காட்டிக்கொடுக்காது. மழையில்தான் அதன் குறையெல்லாம் வெளியே வரும்.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாரநாளில் அலுவலகம் போகிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள். பொட்டோமாக் அப்பலாச்சியன் டிரெயில் கிளப் என்ற சங்கத்தின் உறுப்பினர்கள். 1927-இல் வாஷிங்டன் நகரில் தொடங்கிய இந்தச் சங்கம், அப்பலாச்சியன் மலைப்பாதையில் 240 மைல் நீளத்தைப் பார்த்துக்கொள்கிறது. வர்ஜீனியாவின் ராக்ஃபிஷ் கணவாயிலிருந்து பென்சில்வேனியாவின் பைன் குரோவ் ஃபர்னஸ் வரை, நம் கணக்கில் ஏறத்தாழ 386 கி.மீ. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். வாய்க்காலில் இன்னாருக்கு இத்தனை முழம் என்று பிரித்துத் தூர்வாரிய நம் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

மொத்தப் பாதை 3,500 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். தெற்கே ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையுச்சியில் முடிகிறது. பெரும்பாலும் ஒற்றையடிப் பாதைதான். 1921-இல் பென்டன் மெக்கே என்ற வனத்துறைக்காரர் கட்டடக் கலைஞர்களின் இதழ் ஒன்றில் இந்த யோசனையை எழுதினார். தொழில் நகரங்களில் அடைபட்டுக் கிடக்கும் மக்களுக்கு மலைமுகட்டில் ஒரு மூச்சுவிடும் இடம் வேண்டும் என்பது அவருடைய கனவு. கனவைத் தரையில் இறக்கியவர் மைரன் ஏவரி. கப்பல் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். பொட்டோமாக் சங்கத்தின் முதல் தலைவர். சைக்கிள் சக்கரம் ஒன்றில் தூரமானியைப் பொருத்தித் தள்ளிக்கொண்டே மலை மலையாக அளந்தார். 1937-இல் பாதை முழுமையானது. அதற்குள் இருவருக்கும் ஆகாமல் போய்விட்டது. வர்ஜீனியாவின் ஷெனந்தோவா மலைமுகட்டில் கார்ச்சாலை போடுவதை மெக்கே கடுமையாக எதிர்த்தார். ஏவரி, சாலை வரட்டும், பாதையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சாலை வந்தது. பாதை தள்ளிப் போனது. கனவு காண்கிறவருக்கும் கடப்பாறை பிடிக்கிறவருக்கும் இப்படிச் சண்டை வருவது உலகத்தில் எங்கும் நடப்பதுதான்.

இப்போது மழைக்குத் திரும்புவோம். பாதையைக் கெடுப்பது நடப்பவர்களின் கால்கள் என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் இந்தப் பாதையில் எங்கேயாவது கால் வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கால் செய்வது பாதி வேலைதான். மீதியை முடிப்பது தண்ணீர். பெரிய சேதம் அதன் கணக்கில்தான் சேரும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, அடிப்பாதத்தின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணின் மேலும் 350 கிராம் எடை அழுத்துகிறது. அடுத்த அடிக்காக விரல்நுனியில் உந்தும்போது பரப்பு கால்பங்காகச் சுருங்கும். அழுத்தம் ஒரு கிலோவைத் தாண்டும். காட்டு மண் இதற்குப் பழக்கப்பட்டதல்ல. இலைச்சருகு, மட்கு, மண்புழு போட்ட துளை, செத்த வேர் விட்டுப்போன குழாய் என்று அதில் பாதிக்குப் பாதி காற்றிடம்தான். மிதிக்க மிதிக்க அந்த இடைவெளிகள் நசுங்கி மண் இறுகுகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த நசுங்கலில் பெரும்பங்கு முதல் சில நூறு நடைகளிலேயே முடிந்துவிடும். அதற்குமேல் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் கெடுதி கொஞ்சம்தான். எல்லோரையும் ஒரே கோட்டில் நடக்கவைப்பது காட்டுக்கு நல்லது என்று சூழலியலாளர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆளுக்கொரு வழி போனால் ஒவ்வொரு வழியிலும் அந்த முதல் சில நூறு நடைகளின் சேதம் நடக்கும்.

இறுகிய மண் தண்ணீரைக் குடிக்காது. ஆரோக்கியமான காட்டில் மழைநீர் தரைமேல் ஓடுவதே அபூர்வம். சருகின் வழியாக இறங்கி, மண்ணுக்குள் கசிந்து, கீழே எங்கோ ஊற்றாக வெளிவரும். அத்தனை பெரிய காட்டில் தண்ணீர் மேலே ஓடக்கூடிய ஒரே இடம் மனிதன் போட்ட பாதைதான். 60 செ.மீ. அகலமுள்ள பாதை 100 மீட்டர் நீளத்துக்கு நேர்ச்சரிவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால், பாதையின் மேல் நேராக விழும் நீர் மட்டும் 3,000 லிட்டர். மேட்டிலிருந்து கசிந்து வருவது தனி. அவ்வளவும் பாதையின் அடிமுனையை நோக்கி ஒரே வரிசையில் ஓடிவரும்.

ஓடும் நீரின் வேகத்துக்கும் அது உருட்டிச் செல்லும் கல்லின் எடைக்கும் உள்ள உறவு 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டது. வேகம் இரட்டித்தால், நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். கேட்டால் நம்பமுடியாது, கணக்கு எளிது. நீர் கல்லைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தையும், கல்லின் முகப்பரப்பையும் பொறுத்தது. கல் அசையாமல் இருக்க உதவுவது அதன் எடை. எடையோ கல்லின் பருமனைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு குறுக்களவுள்ள கல்லை நீர் சமாளிக்கும். நாலு மடங்கு குறுக்களவு என்றால் நாலு பெருக்கல் நாலு பெருக்கல் நாலு, 64 மடங்கு எடை. சரிவு நாலு மடங்கானால், அதே ஆழத்தில் ஓடும் நீரின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் பாதையில் நெல்மணி அளவு மணலை நகர்த்தும் மழை, 20 மீட்டர் இறங்கும் பாதையில் கோலிக்குண்டை உருட்டிக்கொண்டு போகும்.

முதல் தலைமுறைத் தன்னார்வலர்களுக்கு இது தெரியாது, அல்லது அவசரத்தில் பொருட்படுத்தவில்லை. முகட்டுக்குப் போகவேண்டுமா, நேராக ஏறு என்று கோடு கிழித்தார்கள். அப்படிப் போட்ட பல இடங்களில் பாதை முழங்காலாழ ஓடையாகப் பள்ளம் விழுந்து, வேரும் பாறையும் துருத்திக்கொண்டு நின்றது. அடுத்துவந்த தலைமுறைகள் செய்த வேலையில் கணிசமானது, அந்த நேர்க்கோடுகளைக் கைவிட்டு மலையின் விலாவில் சாய்ந்து ஏறும் புதிய வழிகளை வெட்டியதுதான். இன்றைய பாதையின் பெரும்பகுதி 1937-இல் இருந்த இடத்தில் இல்லை.

விலாவில் வெட்டும்போது 'பாதி விதி' என்று ஒன்று உண்டு. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 100-க்கு 30 என்றால் பாதை 100-க்கு 15-க்குள் இருக்கவேண்டும். தாண்டினால் என்ன? நீர் எப்போதும் மிகச் செங்குத்தான திசையைத்தான் தேடும். பாதை மலையின் குறுக்கே போனால், மேலிருந்து வரும் நீர் பாதையைச் சாலை கடப்பதுபோலக் கடந்து அந்தப்பக்கம் இறங்கிவிடும். பாதையும் சரிவும் ஏறக்குறைய ஒரே திசையில் போனால் நீருக்குப் பாதையே வசதியான வாய்க்கால். பொதுவாக 100-க்கு 10 என்ற ஏற்றத்துக்குள் வைத்துக்கொள்வதே நல்லது என்பது அனுபவசாலிகளின் கணக்கு. கூடவே பாதையின் வெளி விளிம்பைச் சற்றே தாழ்த்திச் சாய்ப்பார்கள். காகிதத்தில் இது அழகான தீர்வு. நடைமுறையில் சில ஆண்டுகளில் நடுப்பகுதி மிதிபட்டுக் குழிந்து, வெளி விளிம்பில் மண் வரப்புபோலக் குவிந்துவிடும். நீர் மறுபடி பாதைக்குள் மாட்டிக்கொள்ளும்.

அதனால்தான் மடை திருப்புகிற வேலை ஓய்வதில்லை. பாதையின் குறுக்கே ஒரு கட்டையையோ கல்வரிசையையோ சாய்வாகப் பதித்து, ஓடிவரும் நீரை ஒருபக்கம் ஒதுக்கிக் காட்டுக்குள் அனுப்புவது பழைய முறை. 'வாட்டர்பார்' என்கிறார்கள். சாய்கோணம் முக்கியம். குறுக்காக நேரே வைத்தால் நீர் முட்டி நிற்கும், கொண்டுவந்த வண்டலை அங்கேயே போடும், ஒரே பருவத்தில் தூர்ந்துபோகும். 45 பாகைக்குப் பக்கமாகச் சாய்த்தால், நீர் வேகம் குறையாமல் திரும்பித் தன் வண்டலையும் தானே அள்ளிக்கொண்டு போகும். வயலில் மடை வெட்டிய யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. முன்சொன்ன 100 மீட்டர் பாதையில் பத்து மீட்டருக்கு ஒன்றாக இவற்றை வைத்தால், 3,000 லிட்டர் பத்துப் பங்காகிறது. 300 லிட்டரைக் காட்டின் சருகு சத்தமில்லாமல் குடித்துவிடும்.

கட்டைக்கு எந்த மரம்? கீழே கிடப்பதில் ஒன்றை எடுத்துப் போட்டால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். பிளாக் லோகஸ்ட் என்ற உள்ளூர் மரத்தைத்தான் தேடுவார்கள். அதன் வைரத்தில் சேர்ந்திருக்கும் ஃப்ளேவனாய்டு வகை வேதிப்பொருள்கள் பூஞ்சையை அண்டவிடாது. ஈர மண்ணில் புதைந்தும் பல பத்தாண்டுகள் கிடக்கும். அந்தப் பகுதி விவசாயிகள் வேலிக்கால் நடுவதும் இந்த மரத்தில்தான். கல் கிடைத்தால் கல்லே மேல். ஆனால் கல்லைக் கடப்பாறையால் நெம்பிக் கொண்டுவந்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி பதிக்கவேண்டும். வெளியே தெரிவதைப் பார்த்து, இதற்கா நாலுபேர் ஒரு காலை முழுக்கச் செலவழித்தார்கள் என்று தோன்றும்.

இப்போது பலரும் விரும்புவது கட்டையும் கல்லும் இல்லாத முறை. இறங்கும் பாதையை ஓரிடத்தில் சற்றே மேலேறவைத்து மறுபடி இறக்கினால், அந்தப் பள்ளத்தில் நீர் தானாக வெளியேறிவிடும். நடப்பவருக்கு அங்கே ஒரு வேலைப்பாடு இருப்பதே தெரியாது. கட்டையைக் கண்டால் மனிதர் அதைச் சுற்றிக்கொண்டு போவார், பாதை அகலும். பள்ளத்தை யாரும் சுற்றுவதில்லை. பாதைவேலையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். தெரியாமல் இருப்பதே அதன் வெற்றி.

எந்த முறையானாலும் ஆண்டு வேலை உண்டு. இலையுதிர்காலத்தில் ஓக், மேப்பிள் இலைகள் கொட்டி முடிந்ததும் பாதைத் துண்டுகளின் பொறுப்பாளர்கள் கிளம்புவார்கள். ஒவ்வொரு மடையிலும் அடைந்த சருகையும் வண்டலையும் மண்வெட்டியால் இழுத்துப் போடுவார்கள். இலை பார்க்க லேசானது. நனைந்து படிந்துவிட்டால் தகரம் மாதிரி நீரை மறித்துவிடும். குளிர்காலம் வேறொரு தொல்லை. மண்ணிலுள்ள ஈரம் இரவில் ஊசி ஊசியாக உறைந்து நிமிர்ந்து, மேல்மண்ணைத் தூக்கிப்பிடிக்கும். காலை வெயிலில் ஊசி உருகியதும் மண் உதிரியாகக் கிடக்கும். இப்படிப் பலநாள் இளகிய மண் வசந்தத்தின் முதல் பெருமழைக்குத் தயாராகக் காத்திருக்கும்.

கோடையில் வேலை தலைகீழ். பாதை தெரியாமல் புதர் மண்டும். நாலு அடி அகலம், எட்டு அடி உயரத்துக்குத் திறப்பு இருக்கவேண்டும் என்பது நடைமுறை. எட்டு அடி எதற்கு என்றால், மழையிலும் பனியிலும் கிளை கனத்துத் தாழும். அப்போதும் முதுகுப்பை சுமந்தவர் தலையில் இடிக்கக் கூடாது. ஓரப் புல்லை வெட்டுவதில் மருத்துவமும் இருக்கிறது. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி புல்நுனியில் முன்னங்கால்களை விரித்துக்கொண்டு, உரசிப் போகும் விலங்குக்காகக் காத்திருக்கும். உண்ணிக்குப் பறக்கவோ குதிக்கவோ தெரியாது. உரசல் இல்லையென்றால் அது ஏற வழியில்லை.

வழிகாட்டும் குறியைப் பற்றியும் சொல்லவேண்டும். மரத்தில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை இதே அளவு. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால், கவனி, பாதை திரும்புகிறது என்று பொருள். கிளைப்பாதைகளுக்கு நீலம். சில ஆண்டுகளில் இந்தப் பட்டைகள் அகலத்தில் மட்டும் பெருத்துவிடும்; உயரமோ, தரையிலிருந்து உள்ள தூரமோ மாறாது. மரம் உயர்வது கொழுந்துநுனியில் மட்டும்தான்; அடிமரம் பக்கவாட்டில்தான் பருக்கும். சின்ன வயதில் மரத்தில் செதுக்கிய பெயர் வளர்ந்த பிறகும் அதே உயரத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தன்னார்வலர் பழைய பட்டையின் ஓரங்களைப் பழுப்புச் சாயத்தால் மூடி, மறுபடி 2 அங்குலமாக்கிவிட்டு வருவார்.

மரம் விழுவது பெரிய கதை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பூஞ்சைநோய் இந்த மலைகளின் செஸ்ட்நட் மரங்களை அழித்தது. பாதை போட்ட காலத்தில் செத்த செஸ்ட்நட் காடுகளின் நடுவேதான் கோடு கிழித்தார்கள். இப்போது ஆஷ் மரங்களின் முறை. ஆசியாவிலிருந்து வந்த மரகத நிறத் துளைவண்டு 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியிலுள்ள உணவுக்குழாய்களைச் சுற்றிக் குடைந்து மரத்தைப் பட்டினி போட்டுக் கொல்லும். செத்த ஆஷ் சீக்கிரம் மொறுமொறுவென்று ஆகிவிடும். ரம்பத்தின் அதிர்வுக்கே மேலிருந்து கிளை முறிந்து விழும் என்பதால் அனுபவசாலிகளும் அதன் அருகில் போகத் தயங்குவார்கள்.

பாதைக்குக் குறுக்கே விழுந்த மரத்தை அறுப்பதில் அவசரக்காரனுக்கு இடமில்லை. இரு முனையும் எதன்மேலாவது தாங்கி நடு தொங்கும் மரத்தில், மேல்பாதி நெருக்கப்பட்டும் கீழ்பாதி இழுபட்டும் இருக்கும். மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் வெட்டுவாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விப் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு மேலிருந்து அறுத்து, ஆப்பு இறக்கி, மீதியைக் கீழிருந்து முடிக்கவேண்டும். வேரோடு சாய்ந்ததென்றால் இன்னொரு ஆபத்து: தண்டின் பாரம் நீங்கியதும் வேர்த்தட்டு எழுந்து பழைய குழிக்குள் திரும்ப விழும். அதன் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மோட்டார் ரம்பம் பிடிக்கப் பயிற்சிச் சான்றிதழும், முதலுதவிப் பயிற்சியும் வேண்டும்.

ஷெனந்தோவா தேசியப் பூங்காவில் சுமார் 80,000 ஏக்கரில் மோட்டார் ரம்பத்துக்கும் அனுமதியில்லை. 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின்கீழ் 1976-இல் அது வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது, இயந்திரம் கூடாது. அங்கே இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் பழைய நீள்ரம்பம்தான். அதன் பற்களை உற்றுப் பார்த்தால் இரண்டு வகை தெரியும். ஒரு வகை கத்திபோல நாரை இருபுறமும் அறுக்கும். அடுத்த வகை அறுபட்ட நாரை உளிபோலச் சீவி வெளியே இழுக்கும். நன்றாகத் தீட்டிய ரம்பத்திலிருந்து தூள் விழாது, சேமியா மாதிரி நீளநீளமாகச் சுருள் வரும். சுருள் வந்தால் ரம்பம் கூர்மையாக இருக்கிறது. தூள் வந்தால் தீட்ட அனுப்பவேண்டும். இழுப்பவர் தள்ளக் கூடாது, அவரவர் பங்குக்கு இழுக்க மட்டும் வேண்டும். தள்ளினால் தகடு வளைந்து மாட்டிக்கொள்ளும்.

இத்தனை வேலையையும் நம்பி அமெரிக்க அரசு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. 1968-இல் இந்தப் பாதை சட்டப்படி தேசியப் பாதையானது. அரசு சுற்றியுள்ள நிலத்தை வாங்கத் தொடங்கியது. 1984-இல் அந்த நிலங்களின் பராமரிப்புப் பொறுப்பை, தன்னார்வச் சங்கங்களை ஒருங்கிணைக்கும் அமைப்பிடமே தேசியப் பூங்காத்துறை ஒப்படைத்தது. அதன்கீழ் சுமார் 30 சங்கங்கள் பாதையைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. பணம் மிச்சமாவதற்காக மட்டும் செய்த ஏற்பாடு இது என்று நான் நினைக்கவில்லை. ஒரு மைலை இருபது ஆண்டு பார்த்தவருக்கு அந்த மைலின் ஒவ்வொரு கசிவும் தெரியும். மாற்றலாகி வரும் அதிகாரிக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

ஆனாலும் எல்லாச் சேதத்தையும் மண்வெட்டி தாங்காது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்கு அப்பலாச்சியன் மலைகளில் கொட்டித் தீர்த்தபோது, மடைகளெல்லாம் பொருளற்றுப் போயின. டென்னசியின் எர்வின் ஊருக்கு அருகே நோலிச்சக்கி ஆற்றைப் பாதை கடந்த பாலமே அடித்துக்கொண்டு போனது. அடுத்த பருவத்தில் நடக்க வந்தவர்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். விழுந்த மரங்களை அறுத்துத் தள்ளப் பல சங்கங்களிலிருந்து ஆட்கள் போனார்கள்.

கொல்லிமலையோ, பொதிகையோ, நீங்கள் ஏறும் மலை எதுவானாலும் சரி, வழியில் சேறு கண்டால் ஓரமாக ஒதுங்காமல் நடுவிலேயே மிதித்துப் போங்கள். ஓரம் மிதிபட்டால் அடுத்த மழைக்குச் சேறு அதுவரை அகலும். செருப்பைப் பிறகு கழுவிக்கொள்ளலாம். பாதையில் தண்ணீர் போக வெட்டிய பள்ளம் சருகால் அடைந்திருந்தால், காலாலேயே ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போங்கள்.